லூதியானாவில் இருக்கும் மகனுக்கு, ஒரு பட்டனைப் பற்றி

அன்புள்ள கதிர்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்க்க நீயே பைத்தானில் ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்திருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். விண்டோ வந்திருக்கிறது, எடை போடக் கட்டம் இருக்கிறது, பட்டனும் இருக்கிறது. ஆனால் ஓட்டின உடனே விடை 0 என்று தானாக வந்து நிற்கிறது, அப்புறம் எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும் அது மாறுவதில்லை என்கிறாய். போனில் சொன்னால் இது பாதிதான் வந்து சேரும். அதனால் ஆற அமர எழுதுகிறேன். நீயும் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படி.

முழுப் புரோகிராமையும் எழுதி அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன் கண்ணு. நாளைக்கே உன் மேனேஜர் "பார்ட்டி பெயர் போட ஒரு கட்டம் வை" என்பார். அன்றைக்கு ஒவ்வொரு வரியும் எதற்கு இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது ஏஐயிடம் கேட்டால் நொடியில் முழுதும் எழுதிக் கொடுத்துவிடும். கேள், தப்பில்லை. ஆனால் எழுதித் தரச் சொல்லாதே. உனக்குப் புரியாத ஒரு வரியைப் போட்டு, இது என்ன செய்கிறது என்று மட்டும் கேள்.

முதலில் விண்டோவை மூடிவிடு. கணக்கை மட்டும் தனியாக எழுது. உன் வேலையில் கணக்கு எளிது. ரவுண்ட் கட்டர் வெட்டுகிற வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். ஆகவே அந்த வட்டத் துணியின் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.80 கிராம் இருந்தால் 180. இந்தப் பெருக்கலை ஒரு ஃபங்ஷனாக எழுது. எடை உள்ளே போகட்டும், ஜிஎஸ்எம் வெளியே வரட்டும். விண்டோ, பட்டன் என்ற பேச்சே அதற்குள் வரக்கூடாது. எழுதிவிட்டு, விண்டோ இல்லாமல் எழுத்து மட்டும் வருகிற கறுப்புத் திரையிலேயே சோதித்துப் பார். 1.1 கொடுத்துப் பார்த்தால் 110 என்று வராது, 110.00000000000001 என்று வரும். கம்ப்யூட்டர் தசம எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால் 1.1 போன்ற எண்கள் அதற்குள் மிகச் சரியாக அடங்குவதில்லை, ஒரு துளி பிசகும். விடையைக் காட்டும்போது ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிக் காட்டினால் சரியாகிவிடும். இதை இங்கேயே பார்த்துவிட்டாயானால், பிறகு விண்டோவில் ஏதாவது தப்பாக வரும்போது கணக்கைச் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

அடுத்தது உன் பட்டன்.

இதுவரை நீ எழுதிய புரோகிராம்கள் எல்லாம் மேலிருந்து கீழே ஓடி முடிந்தவை. எடையைக் கேட்கும், நீ சொல்வாய், விடை சொல்லும், முடிந்துவிடும். அங்கே புரோகிராம்தான் முறை வைக்கிறது. விண்டோ வைத்த புரோகிராம் அப்படியில்லை. அது எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுக் கடைசி வரியில் உள்ள மெயின்லூப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது எதையாவது அமுக்குகிறார்களா, மவுஸ் நகர்கிறதா, சாவி தட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முறை வைப்பது இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள். எடை போடாமலே பட்டனை அமுக்கலாம், இரண்டு தடவை அமுக்கலாம், பாதியில் எழுந்து டீ குடிக்கப் போகலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விபி 6-இல் (விஷுவல் பேசிக்) ஃபார்மில் பட்டனை வரைந்து அதன் மேல் டபுள் கிளிக் செய்தால், அந்தப் பட்டனுக்கான கோட் எழுதும் இடத்தை அதுவே திறந்து கொடுக்கும். பட்டனையும் கோடையும் அதுவே முடிச்சுப் போட்டுவிடும். நீ விண்டோ போடப் பயன்படுத்துகிற பைத்தானின் டிகின்டரில் அந்த முடிச்சை நீதான் போட வேண்டும்.

நீ போட்ட முடிச்சில்தான் கோளாறு. பைத்தானில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், கட்டத்தில் உள்ளதை எடுத்துக் கணக்குப் போட்டு விடையைத் திரையில் எழுதுகிற உன் ஃபங்ஷனின் பெயர் "கணக்கிடு" என்று வைத்துக்கொள்வோம். பட்டனை உருவாக்கும் வரியில், அமுக்கினால் எதை ஓட்டுவது என்று சொல்கிற கமாண்ட் என்பதற்கு நேராக நீ கணக்கிடு என்று எழுதி, பின்னால் திறந்து மூடிய பிராக்கெட்டும் போட்டிருக்கிறாய். அந்த பிராக்கெட்தான் வினை. பிராக்கெட் போட்டால் "இப்போதே ஓட்டு" என்று அர்த்தம். பைத்தான் அந்த வரியைப் படிக்கும்போதே கணக்கை ஓட்டிவிடுகிறது. கட்டத்தில் நீ முன்கூட்டியே போட்டு வைத்த 0-ஐ எடுத்துக்கொண்டு விடை 0 என்று எழுதிவிடுகிறது. ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராததால் பட்டனுக்குக் கிடைப்பது வெறுமைதான். அதனால்தான் அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. பெயரை மட்டும் கொடுப்பது ஒருவரிடம் போன் நம்பரைக் கொடுத்து வைப்பது போல, பிராக்கெட் போடுவது நீயே அப்போதே டயல் செய்துவிடுவது போல. பட்டனிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு வா. தேவைப்படும்போது அது கூப்பிடும்.

அந்த பிராக்கெட் இரண்டையும் அழித்துவிட்டு, உன் இரண்டாவது படத்தில் மாற்றி எழுதியிருக்கிறபடி ஓட்டினால், பட்டனை அமுக்கும்போது வேறொரு எரர் வரும், பயப்படாதே.  நன்டைப்புக்கு, அதாவது அந்த வெறுமைக்கு, கெட் (கட்டத்தில் உள்ளதை எடுப்பது) என்று எதுவும் இல்லை என்று புலம்பும். அந்தப் படத்தில் கட்டத்தை உருவாக்கி, அதே வரியின் கடைசியில் பேக் செய்து, அதற்கு "எடைக்கட்டம்" என்று பெயர் வைத்திருக்கிறாய். பேக் என்பது கட்டத்தைத் திரையில் வைக்கிற வேலையைச் செய்யும், ஆனால் எதையும் திருப்பித் தராது. அதனால் எடைக்கட்டம் என்ற பெயரில் கட்டமே இல்லை. ஒரே வரியை இரண்டாகப் பிரி. முதல் வரியில் உருவாக்கிப் பெயர் வை, அடுத்த வரியில் பேக் செய். டிகின்டர் பழகுகிற எல்லோரும் இந்த இடத்தில் ஒரு தடவை முட்டிக்கொள்வார்கள்.

இப்போது பட்டன் வேலை செய்யும். இதற்குமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

கட்டத்திலிருந்து வருவது எப்போதும் எழுத்துதான், எண் அல்ல. 1.80 என்று தட்டினாலும் அது நான்கு எழுத்துக்கள். எண்ணாக மாற்றித்தான் பெருக்க வேண்டும். காலியாக விட்டாலோ, "1.80 கி" என்று எழுதினாலோ மாற்ற முடியாமல் எரர் வரும். அந்த எரர் எங்கே போகும் என்று யோசித்துப் பார். உன் கம்ப்யூட்டரில் பின்னால் கறுப்புத் திரை இருப்பதால் உனக்குத் தெரியும். துணியைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளில் கறுப்புத் திரை இல்லாமல் ஓடினால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. அமுக்குவார்கள், பழைய விடை அப்படியே நிற்கும். முந்தின ரோலின் ஜிஎஸ்எம்மை இந்த ரோலுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். புரோகிராம் நின்று போவதைவிட இது மோசம். ஆகவே கணக்கிடு ஃபங்ஷனின் முதல் வேலை பழைய விடையை அழிப்பது. பிறகு, எரர் வந்தால் என்ன செய்வது என்று சொல்கிற ட்ரை, எக்செப்ட் போட்டு, எண்ணாக மாறவில்லை என்றால் விடை வருகிற இடத்திலேயே "எடையைச் சரியாகப் போடவும்" என்று காட்டு.

எண்ணாக மாறினாலும் முடிந்துவிடவில்லை. அவசரத்தில் புள்ளியை விட்டு 180 என்று தட்டினால் விடை 18,000 வரும். அப்படி ஒரு துணி கிடையாது. உங்கள் மில்லில் ஓடுகிற மிகக் குறைந்த, மிக அதிகமான ஜிஎஸ்எம் உனக்குத் தெரியும். அந்த எல்லைக்கு வெளியே போனால் புரோகிராம் நிறுத்திக் கேட்க வேண்டும்.

செக்கிங் டேபிளில் இருக்கிறவர் ஒரு கையில் துணியை வைத்துக்கொண்டு மறுகையால் எண்ணைத் தட்டுவார். ஒவ்வொரு தடவையும் மவுஸைத் தேடிப் போய்ப் பட்டனை அமுக்க வைக்காதே. கட்டத்தில் என்டர் தட்டினாலே கணக்கு ஓடும்படி அந்தச் சாவியை ஃபங்ஷனோடு கட்டிவிடு, அதற்குப் பெயர் பைன்ட். பைன்ட் வழியாகக் கூப்பிடும்போது என்ன நடந்தது என்ற விவரத்தையும் டிகின்டர் ஃபங்ஷனுக்குள் அனுப்பும். பட்டன் அதை அனுப்பாது. இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷன் என்றால், வந்தாலும் வராவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும்படி அதற்கு ஒரு இடம் விட்டு வை. லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் நம்பர் பேடில் இருக்கும் என்டருக்குத் தனிப் பெயர், அதையும் தனியாகப் பைன்ட் செய்ய வேண்டும். கணக்கு முடிந்ததும் கட்டத்தில் உள்ள எண் முழுவதும் செலக்ட் ஆகி நிற்கட்டும். அடுத்த எடையைத் தட்டினால் பழையது தானாகப் போய்விடும். இரண்டு வரி வேலைதான் இது. ஆனால் நாள் முழுக்க எடை போடுகிற ஆளுக்கு அந்த இரண்டு வரியின் அருமை தெரியும்.

கட்டங்களை அடுக்க பேக்கை விட்டுவிட்டு கிரிட் பழகு. எந்த வரிசை, எந்த நெடுவரிசை என்று சொன்னால் போதும், அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஃபிரேமுக்குள் பேக்கையும் கிரிட்டையும் கலக்காதே. கலந்தால் பைத்தான் மாதிரியே இல்லாத ஒரு எரர் வரும். டிகின்டரின் அடியில் இருப்பது டிகே என்ற வேறொரு சரக்கு. 1988-இல் ஜான் ஊஸ்டர்ஹவுட் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டிக்கிள் (எழுத்தில் டிசிஎல்) என்று ஒரு மொழியை உருவாக்கினார், அதற்குத் துணையாக அவரே பின்னால் உருவாக்கியதுதான் டிகே. பைத்தான் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் டிசிஎல் எரர் என்று எங்கே பார்த்தாலும், அடுக்கிய விதத்திலோ, கொடுத்த அளவிலோ, நிறத்தின் பெயரிலோ ஏதோ டிகேவுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள். அங்கே போய்த் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஆர்டர் ஜிஎஸ்எம்மையும் ஒரு கட்டத்தில் வாங்கி, 180-க்கு ஐந்து சதவீதம் என்றால் 171 முதல் 189 வரை பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு என்று காட்டப் போவதாகச் சொன்னாய். நல்ல யோசனை. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதே. பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், சொல்லவும் கூச்சப்படுவார்கள். குறைவு, சரி, அதிகம் என்று வார்த்தையும் பெரிய எழுத்தில் வரட்டும். அதுவும் உனக்குத் தெரிந்த மொழியில் அல்ல, அங்கே டேபிளில் உட்காருகிறவர் படிக்கிற மொழியில். இந்தியோ பஞ்சாபியோ, மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதலாம்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. ஃபைலுக்கு டிகின்டர் என்று பெயர் வைக்காதே. பைத்தான் நிஜ டிகின்டரை விட்டுவிட்டு உன் ஃபைலையே திறந்து பார்த்துக் குழம்பும். விடையை மூன்று நொடி கழித்து அழிக்க வேண்டும் என்று, புரோகிராமையே நிறுத்தி வைக்கிற ஸ்லீப் போடவும் கூடாது. அந்த மூன்று நொடியும் மெயின்லூப் எதையும் கவனிக்காது, விண்டோ உறைந்து நிற்கும். ஆஃப்டர் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு 3000 என்று மில்லி நொடியில் சொன்னால் நேரம் வந்ததும் கூப்பிடும். அங்கேயும் ஃபங்ஷனின் பெயர் மட்டும்தான், பிராக்கெட் கிடையாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மேனேஜரிடம் காட்டுவதற்கு முன்னால் டேபிளில் இருக்கிறவரிடம் கொடு. கொடுத்துவிட்டு ஒன்றும் விளக்காதே. பக்கத்தில் சும்மா நின்று அவர் கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார். தயங்கின இடத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வாய் வரும், அடக்கிக்கொள். அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு ராத்திரி புரோகிராமைத் திருத்து.

கிரிட்டில் அடுக்கி முடித்ததும் கோடை அப்படியே அனுப்பு, படமாக வேண்டாம், படத்தில் என்னால் தேட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். திரையைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா