2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல் கொண்டுவரும் ஆன்டெனா வேலை செய்கிறவர்களின் சங்கம் நம்முடையது. ஆண்டறிக்கை என்றால் பாதிக்கு மேல் கூட்டங்களின் பட்டியலாகத்தான் இருக்கும். அது மினிட் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் சத்தம் போட்டதும் ஒரே விஷயத்துக்காகத்தான்: கட்டடத்துக்குள் செல்போன் ஆப்பரேட்டர்களின் கருவிகளை வைக்கும் கருவி அறை.

கன்னியாகுமரியில் கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜ். கீழ்த்தளத்திலும் உள்பக்க அறைகளிலும் சிக்னல் கிடையாது. வெளியூர் கம்பெனி ஒன்று போட்டுக்கொடுத்த வரைபடத்தில் ஒவ்வொரு ஆப்பரேட்டருக்கும் தனி ரேக், அதற்கு ஏ.சி., யு.பி.எஸ்., பேட்டரி என்று முழுசாக ஒரு அறை போயிருந்தது. உரிமையாளர் நம் உறுப்பினரிடம், "ஐயப்ப சீசன்ல அந்த ரூமுக்கு என்ன வாடகை வரும்னு தெரியுமாவே? அதுக்கு ஏ.சி. போட்டு கரண்டு பில்லும் நானே கெட்டணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே.

அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? ஆப்பரேட்டர் கொண்டுவருவது டவரில் வைக்கிற அதே ரேடியோ, 20 முதல் 40 வாட் வரை தரக்கூடியது. ஃபைபர் வழியாகத் தளம் தளமாக ரிமோட் யூனிட்டுக்கு (சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்குத் தரும் பெட்டி) போகும் அமைப்புக்கு நுழைவாயிலில் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு. ஆகவே நடுவில் சக்தியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர்களை ஒரு தட்டு நிறைய மாட்டி, வந்த சக்தியை எரித்துத் தீர்க்கிறோம். ஒரு வாளி தண்ணீருக்குப் பத்து ஹெச்.பி. மோட்டாரை ஓட்டி, மிச்சத்தை ஓடையில் விடுகிற கதை. ரேடியோவின் சூடு ஒருபக்கம், தட்டில் எரியும் சூடு இன்னொரு பக்கம். அதை இறக்க ஏ.சி., அந்த ஏ.சி.க்கும் சேர்த்து மின்சாரம். இடமும் பணமும் போவது இங்கேதான், ஆன்டெனாவில் இல்லை.

அதனால் குறைந்த சக்தி ரேடியோவைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நம் தொழில்நுட்பக் குழு முடிவெடுத்தது. மூலத்திலேயே சக்தி குறைவாக இருந்தால் அட்டென்யுவேட்டர் தட்டு போய்விடும், ஏ.சி.யும் அநேகமாகப் போய்விடும். ரேடியோவுக்கு முன்னால் சிக்னலைத் தயாரிக்கிற பேஸ்பேண்ட் பெட்டியிலிருந்து டிஜிட்டலாகவே ஆன்டெனா அமைப்புக்குள் நுழையும் வசதி இருந்தால் ரேடியோவே வேண்டாம். ஆனால் அதற்கு இரண்டு தயாரிப்பாளர்களின் கருவிகளும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊர் வேலைகளில் அது இன்னும் வாய்க்கவில்லை.

அந்த லாட்ஜில் இப்போது மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டிய ஒரு பெட்டியில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரே ஆன்டெனா வலையைப் பகிர இரண்டு ஆப்பரேட்டர்கள் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவரிடம் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. உண்மையைச் சொன்னால், கருவியைச் சுருக்குவதைவிட இந்தச் சம்மதம் வாங்குவதுதான் பெரிய வேலை.

இதை எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் அதைக் கொண்டுபோகும் ஃபீடர் கேபிளும் மட்டும் உள்ள பழைய அமைப்பே மேல், தளத்தில் கரண்டு வேண்டாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று குலசேகரம் பக்கத்து மூத்த உறுப்பினர்கள் வாதிட்டார்கள். சின்னக் கட்டடத்துக்கு அது சரியே. 16 ஆன்டெனாவுக்குப் பிரித்தால் 12 டிபி (டெசிபெல்) போகும், அதாவது ஒவ்வொன்றுக்கும் பதினாறில் ஒரு பங்கு சக்தி, கேபிளிலும் கொஞ்சம் போகும். ஐந்து வாட் தரும் ரேடியோ இருந்தால் தாராளமாகச் சமாளிக்கலாம். அதற்கும் 40 வாட் தேவையில்லை என்பதைத்தான் நான் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பெரிய கட்டடத்தில் சிக்கல் 5ஜியால் வருகிறது. அரை அங்குல ஃபீடர் கேபிளில் 100 மீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் 7 டிபி அளவு இழப்பு. அதாவது ஐந்தில் ஒரு பங்கு சக்தி மிஞ்சும். 5ஜி ஓடும் 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு டிபி ஆகி, கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான் கடைசியில் வந்து சேரும். போதாததற்கு 2,700 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான ஸ்ப்ளிட்டர்களையும் ஆன்டெனாக்களையும்தான் பல இடங்களில் மாட்டி வைத்திருக்கிறோம். ஒற்றை முறை (சிங்கிள் மோட்) ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கே அரை டிபிகூடப் போகாது. புதிதாகக் கேபிள் இழுக்கிறவர்கள் ஒரு ஃபைபரையும் சேர்த்து இழுத்துவிடுங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. கடலோரத்தில் கனெக்டர் பூத்துப்போனாலோ இறுக்கம் போதாமல் இருந்தாலோ அலைகள் ஒன்றோடொன்று கலந்து தேவையற்ற இரைச்சல் உண்டாகும். சக்தி ஒரு டிபி கூடினால் இந்த இரைச்சல் மூன்று டிபி வரை கூடும். குறைந்த சக்தியில் ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சங்கத்துக்கென்று, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்குகிற டார்க் ரெஞ்ச் வாங்கியிருக்கிறோம். 4.3-10 வகைக் கனெக்டருக்கு 5 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். கையால் முறுக்கிவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டுவிடுவோம். இரைச்சல் அளக்கும் கருவி நாம் வாங்குகிற விலையில் இல்லை. தேவைப்படும்போது திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக்கு எடுக்கிறோம்.

ஆன்லைனில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை மாட்டித் தரும்படி வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். உரிமமில்லாமல் இப்படிப்பட்ட வயர்லெஸ் கருவி வைத்திருப்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். பக்கத்து டவரின் சிக்னலையும் அது கெடுக்கும். உறுப்பினர் யாரும் அதை விற்கவோ மாட்டவோ கூடாது என்ற தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. வைஃபை காலிங்கை ஆன் செய்து கொடுத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும், அதற்குக் காசும் இல்லை. நமக்கும் வருமானமில்லை, சரி, போகட்டும்.

2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, டிஜிட்டல் இணைப்பு வசதியைப் பார்த்துக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரம் உண்டு. இதைச் சொல்லி நாகர்கோவிலில் கட்டடப் பொறியாளர்கள் சிலரைச் சந்தித்தோம். பிளான் போடும்போதே தளத்துக்குத் தளம் ஒரு குழாய்வழியும், கீழே ஒரு சுவர்ப்பெட்டி அளவுக்கு இடமும் விட்டால் போதும் என்று கேட்டோம். பிறகு உடைத்துப் பூசும் செலவு மிச்சம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது. டார்க் ரெஞ்ச் வாங்கிப் போகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துச் செல்லவும்.

இவண்,
செயலாளர்