பாதியில் நின்ற ஆட்டங்களின் பாக்கி

திருச்சி

அன்பு மகன் கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அடுப்படியில் நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால் இன்று மதியம் உட்கார்ந்து எழுதுகிறேன். உலகமே முடங்கும் ஒரு காலம் மறுபடி வந்தால் ஒரு சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று லொசானில் உன் அலுவலகம் உன்னைக் குறிப்பு எழுதச் சொல்லியிருப்பதாகவும், கொரோனா காலத்தில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே செய்ததை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாய். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் வெளியிட்ட அறிவிப்புகளைத் தேதி வாரியாக அடுக்கினால் மட்டும் அந்தக் காலம் உனக்குப் பிடிபடாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் செஸ் நடுவராக இருந்தவள் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

அப்போது ஃபிடேயின் தலைவராக இருந்தவர், இப்போதும் இருப்பவர், அர்காதி துவோர்கோவிச். 2018 அக்டோபரில் ஜார்ஜியாவின் பதுமி நகரில் 103க்கு 78 என்ற வாக்குக் கணக்கில் வென்று வந்தவர். அதற்கு முன் ரஷ்யாவின் துணைப் பிரதமராக இருந்தார். அந்த ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவுக்கும் தலைமை வகித்தார். அவருடைய தந்தை சர்வதேச செஸ் நடுவர் என்பதால் எங்கள் வட்டத்தில் அவர்மேல் ஒரு தனி வாஞ்சை இருந்தது. ஓர் அரசின் உயர்பதவியிலிருந்து நேராக விளையாட்டுத் தலைமைக்கு வருபவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தை ஒளிக்காமல்தான் மேலே எழுதுகிறேன்.

உன் குறிப்பு யெகாத்தெரின்பர்க்கில் தொடங்க வேண்டும். உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டி, எட்டு வீரர்கள், பதினான்கு சுற்றுகள், அந்த ரஷ்ய நகரில் 2020 மார்ச் 17 அன்று தொடங்கியது. உலகத்தில் ஏறக்குறைய எல்லா விளையாட்டும் நின்றுகொண்டிருந்த வாரம் அது. சீனாவின் டிங் லிரன் முன்கூட்டியே வந்து மாஸ்கோவுக்கு அருகே இரண்டு வாரம் தனிமையில் இருந்துவிட்டுத்தான் பலகைக்கு வந்தார். வந்தவர் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார். அஜர்பைஜானின் தெய்மூர் ரஜாபோவ், 2019 செஸ் உலகக் கோப்பையை வென்று அந்த இடத்தைப் பெற்றவர், தொற்று நிலைமையைச் சொல்லிப் போட்டியைத் தள்ளிவைக்கக் கேட்டார். தள்ளிவைக்க மறுத்தார்கள், அவர் விலகினார். அவருக்குப் பதிலாகப் பிரான்ஸின் மாக்சிம் வாஷியே லக்ராவ் அழைக்கப்பட்டார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, இது இப்போது நடக்கக்கூடாது என்று ரஷ்ய வீரர் கிரிஷ்சுக் செய்தியாளர்கள் முன்னிலையில் வெளிப்படையாகச் சொன்னார். 24ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தள்ளிப்போனது. 25ஆம் தேதி, நம் நாட்டில் ஊரடங்கின் முதல் நாள், ஏழாவது சுற்று நடந்தது. தெருவில் ஈ காக்கை இல்லாத அந்த மாலையில் நானும் அப்பாவும் அதைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். தனியாக முன்னணியில் இருந்த ரஷ்ய வீரர் நெப்போம்னியாச்சியை, மாற்றாக வந்த வாஷியே லக்ராவ் அன்று தோற்கடித்து நாலரைப் புள்ளியில் அவரோடு சேர்ந்துகொண்டார். மறுநாள் போட்டி நின்றது.

நின்றதற்கான காரணத்தை நீ கூர்ந்து பார்க்க வேண்டும். 27ஆம் தேதியிலிருந்து சர்வதேச விமானங்களை நிறுத்துவதாக ரஷ்யா அறிவித்தது. வீரர்களும் அலுவலர்களும் பத்திரமாக, உரிய நேரத்தில் ஊர் திரும்புவதற்கு உறுதி தர முடியாத நிலையில் போட்டியைத் தொடர முடியாது என்று சொல்லி, விதிகளில் தலைவருக்கு இருந்த அதிகாரத்தைக் கொண்டு துவோர்கோவிச் அதை நிறுத்தினார். அதுவரை ஆடிய ஏழு சுற்றுகளின் முடிவுகள் செல்லும், மீதி ஏழு பின்னொரு நாளில் இங்கிருந்தே தொடரும் என்றும் அறிவித்தார். தொடங்கியது தவறு என்பதுதான் இன்றுவரை என் கருத்து. ஆனால் நிறுத்தியபோது பாதியை அப்படியே காப்பாற்றி வைத்தது நல்ல தீர்ப்பு. சரியாகப் பாதி என்பதால் எல்லாரும் எல்லாருடனும் ஒருமுறை ஆடி முடித்திருந்தார்கள் என்பது அவர்களுடைய அதிர்ஷ்டம். மூன்றாம் சுற்றிலோ பத்தாம் சுற்றிலோ நின்றிருந்தால் வழக்காடியே காலம் போயிருக்கும்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். அதே மார்ச் 14, சனிக்கிழமை, இங்கே ஒரு பள்ளி அரங்கில் பதினொரு வயதுக்குட்பட்டோருக்கான போட்டிக்கு நான் தலைமை நடுவராக இருந்தேன். முதல் நாள் நான்கு சுற்றுகள். ஞாயிறு காலையில் பாதிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. வந்தவர்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர்களிடம் பேசிப் போட்டியை நிறுத்தினேன். நுழைவுக் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். நான்கு சுற்றிலும் வென்று முதலாவதாக நின்ற ஒரு சிறுமியின் தாய் மட்டும் பணத்தை வாங்கிக்கொண்டு, "டீச்சர், கட்டணம் சரி, இந்த நாலு பாயிண்டை என்ன செய்வது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. போட்டி மறுபடி நடத்தப்படவேயில்லை. அடுத்த முறை அரங்கம் திறந்தபோது அவளுக்கு அந்த வயதுப் பிரிவு தாண்டியிருந்தது. ஐந்தாம் சுற்றில் யார் யாரோடு ஆடுவது என்று குறித்த பேரிங் தாள் என் கோப்பில் இருக்கிறது. முதல் பலகையில் அவள் பெயர், எதிரே முடிவு எழுதும் கட்டம் காலி.

ஆகவேதான் ஃபிடே செய்ததில் எது சரி, எது தவறு என்று பார்ப்பதைவிட, நிறுத்தியதாலும் நிறுத்தாததாலும் யாருக்கு என்ன பாக்கி விழுந்தது, அதைப் பிறகு தீர்த்தார்களா என்று பார்ப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. ரஜாபோவின் பாக்கியைத் தீர்த்தார்கள். போட்டி பாதியில் நின்றதும், தான் சொன்னதுதான் நடந்தது, தன்னைச் சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். வாஷியே லக்ராவ் முன்னணியில் இருக்கையில் அது எப்படி முடியும்? பின்னர் 2022 கேண்டிடேட்ஸ் போட்டியில் அவருக்கு நேரடி இடம் கொடுத்தார்கள். அவர் மாட்ரிட்டில் ஆடி மூன்றாம் இடம் பெற்றார். யெகாத்தெரின்பர்க்கின் இரண்டாம் பாதி 2021 ஏப்ரலில்தான் நடந்தது. ஓராண்டுக்கு மேல் ஒரே புள்ளிப் பட்டியலைச் சுமந்துகொண்டு காத்திருந்த எட்டுப் பேரில் நெப்போம்னியாச்சி எட்டரைப் புள்ளியோடு வென்றார், வாஷியே லக்ராவ் அரைப் புள்ளி பின்தங்கினார். அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனுடன் அவர் மோதிய ஆட்டம் அந்த ஆண்டின் கடைசியில் துபாயில் நடந்தது.

இனி இணையத்துக்கு வருகிறேன். மற்ற விளையாட்டுகளுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு செஸ்ஸுக்கு இருந்தது; மைதானம் மூடினாலும் பலகை மூடவில்லை. அதைப் பார்த்து உங்கள் ஆட்களும் ஏமாந்துவிட வேண்டாம். இணையத்தில் ஃபிடே வீட்டுக்காரராக இருக்கவில்லை, குடித்தனக்காரராகத்தான் இருந்தது. பெரிய தளங்கள் தனியாருடையவை. கார்ல்சன் தன் பெயரிலேயே பரிசுப் பணத்தோடு போட்டித் தொடரைத் தொடங்கிவிட்டார். ஃபிடேயும் 2020 மே மாதம் செஸ்.காம் தளத்தோடு சேர்ந்து ஆறு அணிகள் மோதிய நாடுகள் கோப்பையை நடத்தியது, சீனா வென்றது. தலைமை அப்போது தன்மானம் பார்க்காமல் கூட்டுச் சேர்ந்தது புத்திசாலித்தனம் என்பேன்.

அந்த ஆகஸ்டில் மாஸ்கோவில் நடக்கவேண்டிய ஒலிம்பியாட், நாடுகளின் அணிகள் மோதும் செஸ் போட்டி, தள்ளிப்போகவே, அதன் இடத்தில் இணையவழி ஒலிம்பியாட் வந்தது. 163 அணிகள். ஒவ்வோர் ஆட்டத்திலும் அணிக்கு ஆறு பேர்: இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், இருபது வயதுக்குட்பட்ட ஒரு பையன், ஒரு பெண். இந்த அமைப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நேரடி ஒலிம்பியாடில் தனித்தனி அரங்கில் ஆடுபவர்கள் ஒரே பட்டியலில் வந்து, ஒரு பெண்ணின் புள்ளியும் ஆனந்தின் புள்ளியும் ஒரே எடையாயின. அந்த ஆனந்தே பிப்ரவரியிலிருந்து ஜெர்மனியில் சிக்கிக்கொண்டு, அங்கிருந்தபடியே கேண்டிடேட்ஸ் போட்டிக்கு வர்ணனை வழங்கிவிட்டு, மே மாதக் கடைசியில்தான் நாடு திரும்பியிருந்தார்.

காலிறுதியில் இந்தியாவோடு மோதிய ஆர்மீனியாவின் இளம் வீரர் ஒருவருக்கு நிஹால் சரினுக்கு எதிரான ஆட்டத்தில் இணைப்பு அறுந்தது. எங்கள் பக்கம் இணையம் சரியாகவே இருந்தது என்று ஆர்மீனியா முறையிட்டது, முறையீடு தள்ளப்பட்டது, அவர்கள் போட்டியை விட்டே வெளியேறினார்கள். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30, இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இறுதி ஆட்டம். முதல் சுற்று 3க்கு 3. இரண்டாம் சுற்றில் அதே நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து நேரம் முடிந்துபோனது. உலகம் முழுவதும் பல தளங்கள் முடங்கிய இணையக் கோளாறு அது. ரஷ்யாவை வெற்றியாளராக அறிவித்தார்கள். இந்தியா முறையிட்டது. முறையீட்டுக் குழு ஒருமித்த முடிவுக்கு வரமுடியாதபோது துவோர்கோவிச் தானே முடிவெடுத்து இரு அணிகளுக்கும் தங்கம் என்றார்.

ரஷ்யரான தலைவர் ரஷ்யாவின் கையிலிருந்த தனி வெற்றியைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார் என்பதை நான் மதிக்கிறேன். என் தயக்கம் கொஞ்சம் கரைந்தது அன்றுதான். நம் வீட்டில் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். ஆனால் நடுவராக எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. இரண்டு கோளாறுகளும் ஒன்றல்ல என்று வாதிடலாம்: ஒன்றில் உலகமே பார்த்த முடக்கம் சாட்சியாக இருந்தது, மற்றதில் ஓர் அணியின் சொல் மட்டுமே இருந்தது. இருந்தும், இணைப்பு அறுந்தால் யார் பொறுப்பு என்ற விதி வெள்ளிக்கிழமை ஒரு முகத்தையும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முகத்தையும் காட்டியதாக ஆர்மீனியக் குழந்தை ஒன்று நினைத்தால் அதை நான் எப்படி மறுப்பேன்? நமக்குத் தங்கம் கிடைத்ததற்காக இதைச் சொல்லாமல் விட்டால் நான் வைத்திருக்கும் நடுவர் பட்டத்துக்கு அழகில்லை.

பிள்ளைகளின் நார்ம், அதாவது பட்டம் பெறப் போட்டிகளில் எட்டவேண்டிய தகுதி, அந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீ அந்த வலியை உன் தோழர்களிடம் பார்த்தவன். இணையத்தில் ஆடியது வீரரின் பலத்தைக் காட்டும் வழக்கமான ரேட்டிங் எண்ணுக்குக் கணக்கில்லை என்பதால் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருந்தார்கள், ரேட்டிங் மட்டும் கல்லாக நின்றது. அதற்கு ஃபிடே கண்ட வழிகளில் ஒன்று ஹைப்ரிட் ஆட்டம்: வீரர் தன் ஊர் அரங்கில் உள்ளூர் நடுவர் முன்னால் கணினியில் உட்காருவார், எதிராளி இன்னொரு நாட்டில் அதேபோல உட்கார்ந்திருப்பார். 2021 உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிப் போட்டியை அப்படித்தான் நடத்தினார்கள். யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் அதனால் ஒரு படி கடக்க முடிந்தது. அந்த உலகக் கோப்பை சோச்சியில் பொதுப் பிரிவில் 206 பேரும் மகளிர் பிரிவில் 103 பேருமாக நேரடியாகவே நடந்தது. அங்கே ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு வீரருக்குத் தொற்று என்று பரிசோதனை முடிவு வந்து எழுப்பி அனுப்பினார்கள். கடிகாரத்தை நிறுத்தும்போது அந்த நடுவரின் கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இடத்தை மாற்றும் துணிச்சலையும் உன் குறிப்பில் சேர். கஜகஸ்தானில் நடக்க இருந்த 2021 உலக ரேபிட், பிளிட்ஸ் (குறைந்த நேரத்தில் ஆடும் விரைவு செஸ்) போட்டியை அங்கிருந்த தொற்றுக் கட்டுப்பாடுகளால் சில வாரங்களுக்கு முன்னால் வார்சாவுக்கு மாற்றி, டிசம்பர் கடைசி வாரத்திலேயே நடத்தி முடித்தார்கள். பதினேழு வயது அப்துசத்தோரோவ் ரேபிட் பட்டம் வென்றார். அந்தப் பழக்கம்தான் அடுத்த ஆண்டு கைகொடுத்தது என்று நினைக்கிறேன். 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்ததும் ஒலிம்பியாட் மாஸ்கோவிலிருந்து எடுக்கப்பட்டது. மார்ச் நடுவில் சென்னைக்குக் கொடுக்கப்பட்டது. ஜூலை 28 அன்று தொடங்கிவிட்டது. மாமல்லபுரத்தில் அந்த அரங்கில் நான் நின்ற பதினைந்து நாளில், முகக்கவசத்தோடும் இல்லாமலும் உட்கார்ந்திருந்த நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட அணிகளைப் பார்த்தபோது, இவர்களை நேருக்கு நேர் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றே தோன்றிக்கொண்டிருந்தது. அங்கேதான் துவோர்கோவிச் மறுபடி தேர்வானார், ஆனந்த் துணைத் தலைவரானார். ஆர்மீனியா வெள்ளி வென்றது. அவர்கள் மேடையேறியபோது நான் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டினேன்.

குறிப்பின் முதல் வரைவை எனக்கு அனுப்பு. போட்டியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற விதிக்கு அடுத்த வரியிலேயே, நிறுத்தினால் அதுவரை கிடைத்த புள்ளிகள் என்னவாகும், விலகியவருக்கு எந்தப் போட்டியில் இடம் என்ற விதியும் இருக்கும்படி எழுது. பின்னால் இணைப்பாகச் சேர்த்தால் யாரும் படிக்கமாட்டார்கள். ஃபிடேயின் அலுவலகமும் லொசானில்தானே இருக்கிறது. அங்கே யாரையாவது சந்திக்க நேர்ந்தால், ஆர்மீனியாவின் அந்த முறையீடு இன்றைக்கு வந்தால் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா