சித்திரையில் அல்ல, வைகாசியில் நடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தில் உள்ளூராட்சிச் சபைகள் வாடகைக்குக் கொடுக்கும் அலொட்மென்ட் காணிகளில் மரக்கறி செய்யும் தமிழ்க் குடும்பங்களின் தொகை எங்கள் வளாகத்தில் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. இந்தப் பங்குனியில் மட்டும் மூன்று குடும்பங்கள் புதிதாகக் காணி பெற்றன. அவர்களில் இரு குடும்பத்தினர், சித்திரைப் புத்தாண்டன்று நல்ல நேரம் பார்த்துக் கத்தரி, மிளகாய், பூசணிக் கன்றுகளை வெளியே நடப்போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குச் சொன்னதையே அவர்களைப் போன்ற மற்ற வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் என் முதலாவது ஆண்டில் அதையே செய்தேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்த குடும்பத்தில் பிறந்த எனக்குத் தோட்டம் தெரியாத வேலை அல்ல. ஏப்ரல் நடுப்பகுதியில் நான்கு நாள் நல்ல வெயில் எறித்ததை நம்பி, வீட்டு ஜன்னலோரத்தில் இரண்டு மாதமாக வளர்த்த நாற்பது கன்றுகளைப் பாத்தியில் வைத்தேன். மே மாத முதற்கிழமையில், மேகமோ காற்றோ இல்லாத ஓர் இரவு கழிந்து விடிந்தபோது, அத்தனையும் கொதிநீரில் அவித்த கீரை போலக் கறுத்துத் தொங்கின. அன்று என் மனைவி அழுததை இன்றும் மறக்கவில்லை.

பகல் வெயிலை வைத்து இங்கே பட்டம் கணிக்க முடியாது. வானம் தெளிந்திருக்கும் இரவில் மண்ணின் சூடு தடையின்றி மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று பாரமானது என்பதால் பள்ளமான காணிகளில் வந்து தேங்குகிறது. 2021 ஏப்ரலில் பிரித்தானியாவில் சராசரியாக 13 நாட்கள் உறைபனி விழுந்தது. அறுபது ஆண்டுகளில் அத்தகைய ஏப்ரல் வந்ததில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் மே மாதம் பன்னிரண்டாந் தேதியளவிலும் உறைபனி விழுந்து திராட்சைத் தோட்டங்களைக் கருக்கியது. உறைபனிக்குத் தப்பினாலும், இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே நிற்கும்வரை கத்தரியும் மிளகாயும் வேர் விடாமல் அப்படியே நின்றுவிடும். மே கடைசியில் நட்ட கன்று, ஏப்ரலில் நட்டதை ஜூலையில் முந்திக் காய்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே வைகாசி பிறந்து ஒரு கிழமையாவது கழியட்டும். அதற்கு முந்தைய பத்து நாட்களில் கன்றுகளைப் பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுத்து, காற்றுக்கும் குளிருக்கும் பழக்க வேண்டும்.

அதுவரை காணி சும்மா கிடக்க வேண்டியதில்லை. முளைக்க வைத்த முன்பருவ உருளைக்கிழங்கை மார்ச் கடைசியில் நடலாம். முளை வெளியே தெரியும்போது பனி வருமென்றால் மண்ணை அணைத்து மூடிவிட்டால் போதும். நடுவதற்கென்றே விற்கும் சிறு வெங்காயம், பட்டாணி, பீட்ரூட், முள்ளங்கி, ஸ்பினாச் கீரை எல்லாம் இந்தக் குளிரை விரும்புபவை. புரோட் பீன்ஸ் என்னும் பெரிய அவரையைப் பெப்ரவரி கடைசியிலேயே ஊன்றலாம். பிஞ்சிலே பறித்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் நம் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பி உண்கிறார்கள். கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் ஏப்ரலில் முளைக்கும்.

முன்பிருந்தவர் விட்டுச் சென்ற அப்பிள் மரம் ஏப்ரல் கடைசியில் பூத்தால், பனி விழும் இரவில் சிறு மரத்தை ஃபிளீஸ் எனப்படும் வெள்ளைத் துணியால் மூடி, தேனீக்கள் வருவதற்காகக் காலையில் எடுத்துவிட வேண்டும். சிவந்த தண்டும் அகன்ற இலையுமாக மார்ச்சில் எழும் ரூபார்ப் பற்றி ஓர் எச்சரிக்கை: தண்டைச் சீனி சேர்த்து அவித்து உண்ணலாம், ஆனால் இலை நஞ்சு. கீரை போலிருக்கிறதே என்று எவரும் சமைத்துவிடக் கூடாது.

எருவிலும் அவசரம் ஆகாது. மேய்ச்சல் புல்லில் களை கொல்ல அடிக்கும் அமினோபைரலிட் என்னும் மருந்து குதிரையின் வயிற்றைக் கடந்து எருவிலும் தங்கி, தக்காளி, அவரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இலைகளைச் சுருட்டிவிடும். வாங்கிய எருவில் சிறிதைச் சட்டியில் மண்ணோடு கலந்து நாலு அவரை விதை ஊன்றி, மூன்று நான்கு கிழமை பார்த்த பின்பே பாத்தியில் பரப்புங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இங்கு முழுக்காணி என்பது பத்து ரொட், அதாவது ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ஒரு ஏக்கரில் பதினாறில் ஒன்று. நம் ஊர்க் கணக்கில் அது சரியாக ஒரு பரப்பு. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகச் சாதாரண மக்களுக்குக் கிடைத்த இந்தப் பரப்பு நிலத்துக்காக நம்மவர்கள் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதல் வசந்தத்திலேயே கன்றெல்லாம் கருகினால் மனம் விட்டுப்போகிறது, காணிக்குப் போவது குறைகிறது, களை மண்டுகிறது, பயிர் செய்யவில்லை என்று அறிவித்தல் வருகிறது. எங்கள் வளாகத்தில் இரண்டு குடும்பங்கள் இப்படியே காணியைத் திருப்பிக் கொடுத்ததை நான் கண்டேன்.

தங்கள் பத்திரிகை ஒவ்வொரு மாதமும் இராசிபலனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறது. அதன் அருகே, இந்நாட்டுக் காலநிலையில் அந்த மாதம் எதை விதைக்கலாம், எதை நடலாம், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும் என்பதைத் தமிழ் மாதப் பெயரோடு கால் பக்கத்திலாவது வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுதித் தர நானும், எங்கள் வளாகத்தில் நீண்டகாலமாகத் தோட்டம் செய்யும் மூத்தவர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். சித்திரை இதழில் தொடங்க முடியுமானால், இவ்வாண்டுக் கன்றுகளுக்கே அது உதவும்.

இங்ஙனம்,
தோட்டக்கார வாசகர் ஒருவர்,
வடமேற்கு இலண்டன்