சி10 முன்பக்க வேலை: அண்ணனுக்கு ஒரு கடிதம்

மிச்சிகன்,
ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே. லீஃப் பிளேட்டும் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) இல்லாமல் கிங் பின்னும் (சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டு) இல்லாமல் அமெரிக்கப் பிக்கப்பின் முன்பக்கம் எப்படி நிற்கிறது, அதை எப்படிக் கழற்றி மாட்டுகிறார்கள் என்று விவரமாகக் கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதியே விடுகிறேன்.

வண்டி 1969 ஷெவர்லே சி10. பின்சக்கர ஓட்டம், முன்னால் டிரம் பிரேக். இந்த வகைப் பிக்கப்புகளில் 1960இலேயே முன்பக்க ஒற்றை ஆக்சிலைக் கைவிட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் கொடுத்துவிட்டார்கள். முதல் மூன்று வருடம் டார்ஷன் பார், அதாவது முறுக்கி எடையைத் தாங்கும் கம்பி. 1963லிருந்து காயில் ஸ்பிரிங். மேலே அப்பர் ஆர்ம், கீழே லோயர் ஆர்ம். இரண்டின் நுனியிலும் பால் ஜாயிண்ட், அதாவது குழிக்குள் குண்டு சுழலும் மூட்டு. நடுவில் சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சில். ஸ்பிரிங் லோயர் ஆர்மில் உட்கார்ந்து சேஸிஸைத் தாங்குகிறது. அந்தப் பக்கத்து எடை அவ்வளவும் கீழ் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்கும். மேல் ஜாயிண்ட் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

நம்மூர் வழக்கத்துக்கும் இங்கே உள்ளதற்கும் பெரிய வித்தியாசம் கூலி. இங்கே பட்டறையில் மணிக்கணக்குப் போட்டுக் கூலி வாங்குவார்கள். இப்படிப்பட்ட வேலையில் சாமான் விலையைக் கூலி தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதனால் கார் ஷெட்டில் தாங்களே படுத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அதற்கேற்ற வசதியும் உண்டு. பெரிய உதிரிபாகக் கடைகளில் ஸ்பிரிங் கம்ப்ரெஸர், பால் ஜாயிண்ட் பிரஸ் போன்றவற்றை முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம். திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதும் வந்துவிடும். ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்றாலும் 1967 முதல் 1972 வரையிலான இந்த மாடலுக்குப் புஷ் (ஆர்ம் தன் தண்டில் ஆடும் இடத்திலுள்ள வளையம்), பால் ஜாயிண்ட், ஸ்பிரிங், ஏன் முழு ஆர்ம்கூடப் புதிதாகக் கிடைக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் என்பதால்தான் இன்னும் செய்கிறார்கள்.

உங்கள் எம்எம் ஸ்பேனர் செட் இதில் உதவாது. எல்லாம் அங்குலப் பின்னம். 3/4 அங்குல நட்டுக்கு 19 எம்எம் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் அது 19.05. ஆனால் 9/16க்கு 14 ஏறாது, 15 போட்டால் முனை மழுங்கும். துருப்பிடித்த நட்டில் ஒரு தடவை முனை மழுங்கினால் அப்புறம் கிரைண்டர்தான்.

துரு இங்கே தனி விஷயம். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது கரைந்து அடிச்சட்டம் முழுக்கத் தெறிக்கும். வேலைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே எல்லா நட்டுக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவைக்க வேண்டும். ஆர்மைக் கழற்றியபின் ஸ்பிரிங் உட்காரும் குழியைச் சுரண்டிப் பாருங்கள். தண்ணீர் வடியும் துளை அடைத்திருந்தால் அந்தக் குழியில் உப்புச் சேறு தங்கித் தகட்டைத் தின்றிருக்கும். சுத்தியால் தட்டினால் தகடு உள்ளே போகிறது என்றால் அந்த ஆர்ம் போச்சு, பெயிண்ட் அடித்து ஏமாற்ற முடியாது.

கழற்றுவதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பார்ப்பதுதான் பாதி வேலை. பலர் சேஸிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்க்கிறார்கள். இந்த அமைப்பில் அது பொய் சொல்லும். சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் லோயர் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயிண்டை இறுக்கிவைக்கும். தேய்ந்த ஜாயிண்டும் நல்ல ஜாயிண்ட் போலவே தெரியும். ஜாக்கியை லோயர் ஆர்மின் அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே கொடுக்க வேண்டும். டயர் தரையை விட்டு எழும்பியதும் அதன் அடியில் கடப்பாரையை வைத்து நெம்பினால் கீழ் ஜாயிண்டின் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது ஹப் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது புஷ். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங் இணைப்புகளான டை ராட் எண்ட், ஐட்லர் ஆர்ம் இரண்டின் ஆட்டமும் தெரிந்துவிடும். இந்த வண்டிகளில் ஐட்லர் ஆர்மை விட்டுவிட்டு மற்றதெல்லாம் புதிதாகப் போட்டு, ஸ்டீயரிங் இன்னும் அலைகிறதே என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒரு பக்கம் முழுதாக இருந்தால் எது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கு அதுவே வரைபடம். டை ராட் இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள நீளத்தை அளந்து சுவரிலேயே எழுதிவைப்பது நல்லது.

இனி ஸ்பிரிங். இந்த வேலையில் உயிரை எடுக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். சக்கரம் தொங்கிய நிலையிலும் ஸ்பிரிங்கில் அழுத்தம் மிச்சம் இருக்கும். பால் ஜாயிண்ட் நட்டைக் கழற்றிச் சுத்தியால் அடித்தால், ஸ்பிரிங்கின் தள்ளலில் டேப்பர் (ஜாயிண்டின் கூம்புத் தண்டு இறுகியிருக்கும் பிடி) சட்டென்று விடும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. விடும், உண்மை. ஆர்மும் கூடவே வெடித்துக் கீழே வரும். ஷெவர்லேயின் சர்வீஸ் முறை வேறு. லோயர் ஆர்மின் உள்பக்கத் தண்டு கிராஸ் மெம்பரில் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) யூ போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக் அப்சார்பரையும் ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அதையும் கழற்றியபின், ஜாக்கியை அந்தத் தண்டின் நடுவில் கொடுங்கள். ஸ்பிரிங்கையும் ஆர்மையும் சேர்த்துத் தடித்த சங்கிலியால் கட்டுங்கள். ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றினால் யூ போல்ட்டின் மேல் உள்ள பாரம் விடுபடும், நட்டுகளைக் கழற்றலாம். பிறகு ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினால் ஆர்மின் உள்முனை கீழே வர, ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஆர்ம் நேராக இறங்காது, வளைவாக இறங்கும். அதனால் ஜாக்கியின் சக்கரங்கள் தரையில் தடையில்லாமல் உருள வேண்டும். மண் தரையில் இந்த வேலையே வேண்டாம். தண்டு ஜாக்கியின் தட்டில் வழுக்காமல் இருக்க நடுவில் பள்ளம் செதுக்கிய மரக்கட்டை வையுங்கள். இறக்கும்போது முகத்தை ஸ்பிரிங்குக்கு நேராக வைக்காதீர்கள்.

ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரண வேலை. டிரம்மையும் பேக் பிளேட்டையும் கழற்றும்போது பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சேஸிஸில் கட்டுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பால் ஜாயிண்ட் டேப்பரை விடுவிக்க, நட்டை இரண்டு மரை மட்டும் பிடித்திருக்கும்படி விட்டுவிட்டு, ஸ்டப் ஆக்சிலின் கண்ணுக்கு இரு பக்கமும் சுத்தி வைத்து ஒரே நேரத்தில் அடித்தால் போதும். மரையின் நுனியில் அடிக்கக் கூடாது. கவட்டை போன்ற கருவியைச் செருகி அடித்தால் ரப்பர் பூட் கிழியும். தூக்கிப்போடப்போகும் ஜாயிண்ட் என்றால் பரவாயில்லை, திரும்ப மாட்டப்போகும் டை ராட் எண்டில் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

மேல் பால் ஜாயிண்டைத் தொழிற்சாலையிலேயே நான்கு ரிவெட் அடித்து அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு ரிவெட் தலையின் நடுவிலும் சென்டர் பன்ச் குத்தி, 1/8 அங்குல டிரில்லால் துளைத்து, அதன் வழியே 1/2 அங்குல டிரில்லை விட்டால் தலை வளையமாக உதிரும். மிச்சத்தைப் பன்சால் தட்டி இறக்கலாம். ஆர்மின் துளை பெரிதாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புது ஜாயிண்டோடு நான்கு போல்ட் வரும். அவை கடினப்படுத்தியவை. தொலைந்துவிட்டது என்று டப்பாவில் கிடக்கும் போல்ட்டைப் போடக் கூடாது.

கீழ் ஜாயிண்ட் பிரஸ்ஸில் ஏற்றுவது. சி வடிவ பிரஸ்ஸால் பழையதை வெளியே தள்ளி, புதியதை நேராக உட்காரவைத்து விளிம்பு முழுக்கப் படியும்வரை அழுத்த வேண்டும். ஏறும்போது நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். கைச்சுத்தியிலேயே சுலபமாக உள்ளே போனால் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துளையின் விளிம்பில் நாலு இடத்தில் வெல்டிங் புள்ளி வைத்துச் சமாளிப்பவர்களைப் பார்க்கலாம். அந்தச் சூடு ஜாயிண்டின் உள்ளே போய் அதைக் கெடுத்துவிடும். ஆர்மை மாற்றுவதுதான் வழி.

புஷ் இரண்டு வகை வரலாம். உருக்கில் மரை வெட்டிய புஷ் என்றால் அது ஒரே நேரத்தில் ஆர்மிலும் தண்டிலும் ஏறும். தண்டு ஆர்மின் சரியான நடுவில் நிற்க வேண்டும்; இறுக்கும்போது ஆர்மின் கைகள் விரிந்துவிடாமலும் நெருங்கிவிடாமலும் இடையில் தாங்கு கொடுக்க வேண்டும். முடிந்ததும் தண்டு கையால் சுழல வேண்டும், கொஞ்சமும் பிடிக்கக் கூடாது. இந்தப் புஷ்ஷுக்கு உயிர் கிரீஸ்தான். அதை மறந்ததால்தான் பழையது முட்டையாகத் தேய்ந்திருக்கும். ரப்பர் புஷ் என்றால் நேர்மாறு: இறுதி இறுக்கம் வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான். ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

அப்பர் ஆர்ம் தண்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஷிம் தகடுகள் இருக்கும். நட்டைத் தளர்த்தியதும் பொலபொலவென்று கொட்டும். முன் போல்ட்டில் எத்தனை, பின் போல்ட்டில் எத்தனை என்று தனித்தனியாகக் கம்பியில் கோத்து அட்டை கட்டுங்கள். இரண்டிலும் சமமாகக் கூட்டினால் குறைத்தால் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவு, மாறும். ஒன்றில் மட்டும் மாற்றினால் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு முன்னே பின்னே சாயும் அளவு, மாறும். புதுப் பாகம் போட்டபின் அளவு எப்படியும் மாறத்தான் போகிறது, ஆனால் பழைய கணக்கில் மாட்டினால் அலைன்மென்ட் கடைவரை வண்டி ஒழுங்காகப் போகும்.

மாட்டும்போது ஸ்பிரிங்கின் வால் ஆர்மின் குழியில் அதற்கான இடத்தில் உட்கார வேண்டும். தவறினால் வண்டி ஒரு பக்கம் தூக்கி நிற்கும். லோயர் ஆர்ம் தண்டில் உள்ள துளை கிராஸ் மெம்பரில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையில் விழுந்ததா என்று யூ போல்ட்டை இறுக்குவதற்கு முன் பாருங்கள். ஸ்பிரிங் எப்போதும் ஜோடியாக. வண்டி தாழ்வாக நிற்க வேண்டும் என்று காயிலைக் கேஸ் வைத்து அறுத்துவிடும் பழக்கம் இங்கும் உண்டு. சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் தன் பதத்தை இழக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதற்கென்றே வரும், இரண்டரை அங்குலம் தாழ்த்தும் ஸ்டப் ஆக்சிலை வாங்கி மாட்டுகிறார்கள். ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்.

நட்டு விஷயத்தில் ஒன்று. பால் ஜாயிண்ட் நட்டை சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் அளவு) இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால், இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஹப் பேரிங் நட்டு இதற்கு நேரெதிர். இந்த வண்டியில் இப்போது இருப்பது டேப்பர் ரோலர் பேரிங். டிரம்மைச் சுழற்றிக்கொண்டே 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 நியூட்டன் மீட்டர், இறுக்கி, முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்கி, துளை வராவிட்டால் தளர்த்தி நேராக்க வேண்டும். கடைசியில் 0.001 முதல் 0.005 அங்குலம் வரை ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் கருகும்.

கிரீஸ் அடிக்கும்போது ரப்பர் பூட் லேசாக உப்பியதும் நிறுத்திவிடுங்கள். வெடிக்கும்வரை அடித்தால் அடுத்த மழையிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும்.

டோ, அதாவது இரண்டு சக்கரமும் முன்னால் உள்நோக்கி நிற்கும் அளவு, மட்டும் வீட்டிலேயே ஓரளவு வைக்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டே ஆணியால் டயரின் நடுவில் கோடு கீறி, வண்டியை இறக்கி முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி நிறுத்துங்கள். உருட்டாவிட்டால் டயர்கள் விரிந்தே நின்று அளவு தப்பாக வரும். ஹப் உயரத்தில் கோட்டுக்குக் கோடு முன்னாலும் பின்னாலும் அளந்தால், முன்னால் 1/8 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். டை ராட் ஸ்லீவின் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை; ஸ்லீவைத் திருப்பினாலே நீளம் மாறும். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டீயரிங் நேராக நிற்கும். கேம்பர், காஸ்டருக்குக் கடைதான். ஷிம் போட்டு அலைன்மென்ட் பார்க்கத் தெரிந்த கை உள்ள கடையாகத் தேடிப் போக வேண்டும்.

பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் வருடா வருடம் வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். மிச்சிகனில் அப்படி எதுவும் கிடையாது. முன்பக்கம் ஆடுகிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள், ரோட்டுக்குக் கொண்டுவருபவர் தலையில்தான் பொறுப்பு. பழைய வண்டிக்கு வரலாற்றுச் சிறப்பு நம்பர் பிளேட் என்று தனியாகக் கொடுக்கிறார்கள். அதை மாட்டினால் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. அணிவகுப்பு, கண்காட்சி, சோதனை ஓட்டம் போன்றவற்றுக்குத்தான். ஆகஸ்ட் மாதம் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த மாதத்தில்தான் டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் மைல்கணக்கில் வரிசை கட்டும் திருவிழாவும் நடக்கிறது. 1995லிருந்து நடக்கிறதாம். அதனால் இங்கே வசந்தத்தில் எந்த ஷெட்டைப் பார்த்தாலும் ஒரு வண்டி ஸ்டாண்டில் நிற்கும்.

நூறு மைல் ஓடியதும் யூ போல்ட், அப்பர் ஆர்ம் தண்டு நட்டு இரண்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும். புதுப் பாகங்கள் படிந்து உட்கார்ந்ததும் கால் திருப்பு இடம் கொடுக்கும்.

பிரஸ்ஸையும் சங்கிலி கட்டும் விதத்தையும் போட்டோ எடுத்துத் தனியாக அனுப்புகிறேன். லாரி கிங் பின் புஷ்ஷுக்கு நீங்கள் ரீமர் விடும் அளவை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்கே ஃபோர்டு எஃப்-100 வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார். அதில் இன்னும் கிங் பின்தான்.

அன்புடன்,
உங்கள் தம்பி