தராசுத் தட்டில் சாவி

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருக்கக் கோட்டை மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். ஆடிப் பண்டிகைக்கு நீ வரவில்லை. லோக்கல் லீவு சேலத்துக்குத்தான், பெங்களூருக்கு ஏது என்று அம்மாவை நானே சமாதானப்படுத்தினேன். ஏற்காடு சித்தி மிளகு கொடுத்தனுப்பினாள். உன் பங்கு டப்பாவில் இருக்கிறது.

பதினெட்டு நாளாக நீ சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வேறொன்றும் இல்லை. ஆபீசில் எந்த மெயில் வந்தாலும் அவசரப்பட்டு லிங்க்கை அமுக்காதே. பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று எவன் எழுதினாலும் கூப்பிட்டுக் கேள். அந்த மெயிலில் போட்டிருக்கிற நம்பருக்கு இல்லை, உன்னிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு. உன் மேனேஜர் பெயரில் வந்தாலும் கூப்பிட்டுக் கேள். எழுந்து போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போ. இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அக்கவுண்ட்ஸில் சேர்ந்து நாலே வருஷத்தில் டீம் லீடர் ஆனவள், உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பொங்கலுக்கு வந்தபோது என் மெயிலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு, பாஸ்வேர்டுக்கு மேல் போனிலும் ஒரு தடவை கேட்குமே அது, போட்டுத் தருகிறேன் என்றாய். "கொலுசுப் பட்டறைக்காரன் மெயிலை எவன் திருடப்போறான், விடு" என்றேன். காபி ஆறும்வரை என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

பட்டறைக்கு ராஜ்கோட்டிலிருந்து மெஷின் வாங்கப்போய்ப் பணம் போன விவகாரம் உனக்குத் தெரியும். ஆனால் உனக்கு நான் சொன்ன மாதிரி அது நடக்கவில்லை.

என் மெயில் பாஸ்வேர்டு உன் பெயரும் நீ பிறந்த வருஷமும். பேங்குக்கும் அதுதான், கரண்ட் பில்லுக்கும் அதுதான். மாசியில் ஒரு நாள், மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, உள்ளே வந்து சரிசெய்யவும் என்று வந்தது. சலங்கை பற்றவைத்துக்கொண்டிருந்த நேரம். அமுக்கினேன், பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன், மறந்தும்போனேன். அப்புறம் மூன்று வாரம் எவனோ என் மெயிலை உட்கார்ந்து படித்திருக்கிறான். அட்வான்ஸ் கட்ட வேண்டிய அதே வாரம், மெஷின்காரர் பெயரிலேயே, பழைய மெயில்களுக்குக் கீழே பதில் மாதிரியே, புதுக் கணக்கு நம்பர் வந்தது. 2,40,000 ரூபாய் அனுப்பினேன்.

சைபர் கிரைம் போலீசில் இருந்த பெண் அதிகாரி அந்த மெயில் முகவரியைப் பெரிதாக்கிக் காட்டினார். இங்கிலீஷ் m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டும் ஒட்டி நிற்கின்றன. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. பிறகு செட்டிங்ஸைத் திறந்தார். எனக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும் யாரோ ஒருவனுக்குத் தானாகவே போய்க்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் அது நிற்காதாம். நீயும் உன்னுடையதை இன்றைக்கே திறந்து பார்.

சனிக்கிழமை சாயங்காலமே மெஷின்காரர் போன் பண்ணி, பணம் வரவில்லையே என்றார். அப்போதே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடித்திருந்தால் பேங்க் மூலமாக வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்தது. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று திங்கட்கிழமைவரை உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பணம் நாலைந்து கணக்குக்குப் பிரிந்துவிட்டது.

இனி எழுதுவது அம்மாவுக்கும் தெரியாது. இடையில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் முன்னால் கணக்கு எழுதுகிற பையனிடம், "பாஸ்வேர்டு உனக்கும் எனக்கும்தானே தெரியும்" என்றேன். பதினோரு வருஷம் இருந்தவன். ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டறைச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போனான். மறுநாளே உண்மை தெரிந்தது. தெரிந்தும் நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. உன்னிடமும் அவனால்தான் போச்சு என்றே சொன்னேன். மழைக்காலத்தில் உன்னை டியூஷனிலிருந்து சைக்கிளில் கூட்டிவந்தவனை நீயும் திட்டினாய். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

உங்கள் ஆபீசில் ஏதோ மெயில் பிரச்சினை, புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் அவள் அம்மாவிடம் சொன்னாளாம். எனக்கு முழுதாகத் தெரியாது. துருவிக் கேட்கவும் இல்லை. தெரியாமல் அமுக்குவது யாருக்கும் நடக்கும் கண்ணு. எத்தனை மணிக்கு, எதை அமுக்கினோம் என்று சொல்லிவிட்டால் ஐ.டி. ஆட்கள் அந்தக் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து பிரித்து, பாஸ்வேர்டை மாற்றி, மற்றவர்களையாவது காப்பாற்றுவார்கள். நாள் கடந்திருந்தாலும் சொல்லலாம். வேலை போனால் போகட்டும். இங்கே வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன்.

வருகிற ஞாயிறு கிச்சிப்பாளையத்துக்கு, அவன் வீட்டுக்குப் போகிறேன். சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன். வாங்கிக்கொள்வானா தெரியவில்லை. அதற்கு முன்னால் நீ ஒரு தடவை பேசு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பாஸ்வேர்டையெல்லாம் மாற்றிவிட்டேன். நீ சொன்ன மாதிரி சம்பந்தமில்லாத நாலு சொல், ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு. இரண்டு படிச் சரிபார்ப்பும் நானே போட்டேன். வந்து ஒரு தடவை பார்த்துவிடு.