கோயிலுக்கு வராத பிள்ளைக்காக, பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மா,

தங்கச்சி கோயில் பக்கமே வருவதில்லை, "கடவுளை நம்புறன், சமயம் வேண்டாம்" என்கிறாள் என்று போனில் மனம் நொந்து சொன்னீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைத்துப் பழகினது என்றும் சொன்னீர்கள். போனில் ஆறுதலாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இப்படிச் சொல்கிறவர்கள் கூடினது உண்மைதான். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, ஆன்மிகம் உண்டு ஆனால் மதப்பற்று இல்லை என்றவர்கள் 2012இல் 19 வீதம், 2017இல் 27 வீதம். ஆனால் வன்னிக்கு இது புதிதா? எங்கள் குளக்கட்டு ஐயனாருக்கு மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். தேன் எடுக்கக் காட்டுக்குள் இறங்குகிறவர் ஒரு குழையை முறித்துக் கொப்பில் செருகிக் கும்பிட்டுவிட்டுப் போவார். இடையில் ஐயரும் இல்லை, ரசீதும் இல்லை. நீங்கள் கும்பிடுகிற யோகர் சுவாமி கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். அதை விட்டுவிட்டு அவர் தேடிப்போன செல்லப்பா சுவாமி இருந்தது நல்லூர்க் கோயிலுக்கு உள்ளே அல்ல, வெளியே தேரடியில். ஊர் அவரை விசரன் என்றது.

தங்கச்சி ஏன் விலகினாள் என்று உங்களுக்கும் தெரியும். மீளக்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நேரம், கும்பாபிஷேகக் காசுக்குக் கொப்பியோடு வாசலில் வந்து நின்றார்கள். காணாமல்போன தம்பியைத் தேடிக்கொண்டிருந்த வீடு அது. அவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் திருவிழாவில் காசு தந்தவர்களின் பெயரை மட்டும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். "அங்க அழ இடமில்லை அக்கா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அழ இடம் தேடித்தான் அவள், போரில் செத்தவர்களை நினைக்கிற மே 18இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகிறாள். அரிசியும் உப்பும் தண்ணீருமாய்க் காய்ச்சிய கஞ்சியைச் சிரட்டையில் வார்த்து நீட்டுகிறாள். வாங்குகிறவர் சைவமா வேதமா (கிறிஸ்தவமா) என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. மடு மாதாவிடம் போனாலும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வருகிறாள். இவளைச் சாமியை விட்டவள் என்று எப்படிச் சொல்வது?

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். தனியே கும்பிடுகிறவருக்குத் துன்பம் வந்தால் சுற்றி நிற்க ஆள் வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மா நம் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாவே, அது குளக்கட்டில் கிடைக்காது. இதை அவளிடமும் சொன்னேன், மறுக்கவில்லை.

சரி பெரியம்மா, இந்த வைகாசிப் பொங்கலுக்கு அவளை வா என்று இழுக்க வேண்டாம். நீங்கள் போய்வந்து அவளுக்கும் கொஞ்சம் பொங்கல் எடுத்து வையுங்கள். கொடுக்கும்போது தம்பியின் பெயரை நீங்களாகவே சொல்லிக் கதையுங்கள். வீட்டில் யாரும் அவனைப் பற்றிக் கதைப்பதில்லை என்பதுதான் அவளுக்குள்ள பெரிய நோவு.

அன்புடன்,
உங்கள் மகள்