இன்றிரவு எட்டு மணிக்கு யார் நெறியாளர்?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களுடையதைப் போன்ற ஒரு செய்தி சேனலில் சில ஆண்டுகள் விவாதங்களுக்கு விருந்தினர் பிடித்துத் தரும் வேலை பார்த்தவன் நான். மத்தியானம் மூன்று மணிக்குப் போனைக் கையில் எடுத்தால், இரவு எட்டு மணிக்கு நான்கு பேரை நாற்காலியில் உட்கார வைக்கும்வரை கீழே வைக்க முடியாது. திங்கட்கிழமை அரசியல் விமர்சகராக வந்தவரே வியாழக்கிழமை பொருளாதார நிபுணராக வருவார். பெயருக்குக் கீழே போட வேண்டிய பட்டத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

விருந்தினர்களைப் பற்றி ஊரே குறை சொல்கிறது. என் குறை நடுவில் உட்காரும் நெறியாளரைப் பற்றியது.

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது நினைவிருக்கும். அன்றைய எங்கள் விவாதத்தில் ஒருவர் "உயர்வு வெறும் 25 சதவீதம்தான்" என்றார். எதிரே இருந்தவர் "150 சதவீதம் ஏற்றிவிட்டு மக்களை ஏமாற்றுகிறீர்கள்" என்றார். முக்கால் மணி நேரம் இதே சண்டை. இரண்டு பேர் சொன்னதுமே உண்மை என்பதுதான் வேடிக்கை. சென்னையின் பழைய பகுதிக்கு வெளியே 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம். பழைய பகுதியில் 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 150. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, "சரி, 1,000 சதுர அடி வீட்டில் இருப்பவர் எவ்வளவு கட்டுவார், அந்தப் பணத்தில் அவர் தெருவுக்கு என்ன வரும்?" என்று கேட்டிருந்தால் விவாதம் அங்கேதான் தொடங்கியிருக்கும். நெறியாளருக்கு அது தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தலைப்பே அவர் கைக்கு ஆறரை மணிக்குத்தான் வந்தது. இரண்டு பேரையும் மாறி மாறி "பதில் சொல்லுங்கள், பதில் சொல்லுங்கள்" என்றார். அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த குரல் "நல்லா போகுது, குறுக்க போகாதீங்க" என்றது.

அதே நேரத்தில் செய்தி அறையில் ஒருவர் டிவியைப் பார்த்து "பரப்பளவைக் கேளுய்யா" என்று கத்திக்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்கும் மேலாக மாநகராட்சிச் செய்திகளைப் பார்த்துவந்த எங்கள் நிருபர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. அவரை ஒரு நாளாவது நெறியாளராக உட்கார வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "குரல் எடுக்காது" என்றார்கள்.

குரல், முகம், தடங்கலில்லாத தமிழ் எல்லாம் வேண்டியதுதான். செய்தி வாசிப்பவருக்கு அது போதும். விவாதத்தை நடத்துபவருக்கு, எதிரில் இருப்பவர் நழுவும் இடம் தெரிய வேண்டும். அது தெரிய அந்தத் துறையின் அரசாணைகளையும் பட்ஜெட் புத்தகத்தையும் புரட்டியிருக்க வேண்டும், அதே அமைச்சரிடம் அதே கேள்வியை வேறொரு நாள் கேட்டிருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் வெறுப்புப் பேச்சு வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றமும், நீதிபதி கே.எம். ஜோசப் அமர்வில், நெறியாளரின் பங்கு மிக முக்கியம் என்று எடுத்துச் சொன்னது.

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் விவாதங்களை 1976 முதல் 1984 வரை பெண் வாக்காளர் சங்கம் நடத்தியது. விவாதத்தின் ஒவ்வொரு அம்சத்தையும் இரண்டு கட்சிகளின் பிரச்சாரக் குழுக்களே பேசி முடித்துக்கொள்ளப் பார்த்ததால், இது வாக்காளருக்குச் செய்யும் மோசடி என்று சொல்லி 1988-இல் விலகிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு உருவான விவாத ஆணையம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, செய்தித் துறையில் பழுத்தவர்களைத் தேடிப் பிடித்தது. ஜிம் லேரர் 1988 முதல் 2012 வரை 12 விவாதங்களை நடத்தினார். பெரும்பாலும் மறுநாள் யாரும் அவரைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார்கள், அதுதான் அவர் சாமர்த்தியம். அனுபவம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2020-இல் கிளீவ்லாந்தில் நடந்த டிரம்ப் – பைடன் விவாதம் கிறிஸ் வாலஸ் போன்ற பழம் தின்று கொட்டை போட்டவர் கையையே மீறிப் போனது. அதற்கடுத்து நாஷ்வில்லில் நடந்த விவாதத்தில், ஒவ்வொரு தலைப்பிலும் ஒருவர் தன் முதல் இரண்டு நிமிடத்தைப் பேசி முடிக்கும்வரை மற்றவரின் மைக்கை அணைத்து வைத்தார்கள். நெறியாளர் கிறிஸ்டன் வெல்கரால் கேள்வி கேட்க முடிந்தது. நம் ஊரில் மைக்கை அணைக்கும் பொத்தான் இல்லாத சேனல் எது? அதை அழுத்த மனசு வருவதில்லை, அவ்வளவுதான்.

கட்சிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையில் அ.தி.மு.க. தொலைக்காட்சி விவாதங்களுக்கு வரமாட்டோம் என்று அறிவித்தது. 2023 செப்டம்பரில் 'இந்தியா' கூட்டணி, இன்னார் நிகழ்ச்சிக்குப் போகமாட்டோம் என்று 14 பேரின் பட்டியலையே வெளியிட்டது. அதெல்லாம் வெளிப்படையாக நடந்தது. எனக்கு வந்த போன்கள் வேறு மாதிரி. "இன்னிக்கு யார் நெறியாளர் தம்பி? அவங்களா? அப்ப எனக்கு வேற வேலை இருக்கு" என்பார்கள். நானும் மேலே சொல்வேன், நெறியாளர் மாறுவார். ஆளும் கட்சியாக இருந்தாலும் எதிர்க்கட்சியாக இருந்தாலும் அந்தப் போனின் தொனி ஒன்றுதான்.

தேர்தல் நேரத்திலாவது ஒன்று செய்து பாருங்கள். நீட் பற்றிய விவாதமா, கல்வித் துறையைப் பார்க்கும் நிருபரை நடுவில் உட்கார வையுங்கள். தொகுதி மறுவரையறையா, கோட்டையிலும் டெல்லியிலும் வேலை பார்த்தவர் ஒருவர் உங்களிடமே இருப்பார். கேமரா முன்னால் தடுமாறுவார் என்று பயமாக இருந்தால், உங்கள் பிரபல முகம் நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், பக்கத்தில் இவர் கேள்வி கேட்கட்டும். 2024-இல் அட்லாண்டாவிலும் பிலடெல்பியாவிலும் நடந்த அமெரிக்க அதிபர் விவாதங்களில் இரண்டிரண்டு நெறியாளர்கள்தான் உட்கார்ந்தார்கள். தலைப்பைக் காலையிலேயே முடிவு செய்து, படிக்க அரை நாளாவது கொடுங்கள். எட்டு மணிக்கு மேல் திடீரென்று வரும் பிரேக்கிங் செய்தியைத் தனிச் செய்தியாகவே போடுங்கள். அதற்கு நான்கு பேர் கத்தத் தேவையில்லை. அப்புறம், யார் நெறியாளர் என்பதை விருந்தினர்களிடம் சொல்லும் முன்பே திரையில் அறிவித்துவிடுங்கள். வரமாட்டேன் என்பவரின் நாற்காலியைக் காலியாகவே காட்டுங்கள்.

அந்த நிருபர் வேறு சேனலுக்குப் போய்விட்டார். உங்களில் ஒருவரிடம்தான் இருக்கிறார்.

அன்புடன்,
முன்னாள் விருந்தினர் ஒருங்கிணைப்பாளர்